எலக்ட்ரானின் இடமே நிச்சயமில்லை என்றால் 13 இலக்க மாறிலிகள் எங்கிருந்து வருகின்றன?

பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவம் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "ஹைசன்பர்க்கின் கோட்பாட்டின்படி எதையும் முழுத் துல்லியமாக அளக்க முடியாது என்று பாடத்தில் இருக்கிறது. அதே நூலின் கடைசிப் பக்கத்தில் எலக்ட்ரானின் மின்னூட்டம், பிளாங்க் மாறிலி எல்லாம் நீள நீளமான இலக்கங்களோடு இருக்கின்றன. தேடிப் பார்த்தால் பிளாங்க் மாறிலிக்குப் பிழை பூஜ்யம் என்றே போட்டிருக்கிறது. இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்? ஆசிரியரிடம் கேட்டேன். தேர்வுக்கு வராது என்றார்."

தேர்வுக்கு வராதுதான். ஆனால் நல்ல கேள்வி. நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் அளவுத்திருத்தக் கூடத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். எங்கள் பேச்சில் அது காலிபிரேஷன் அறை. வெளியே பினாங்கு வெயில் எப்படிக் கொளுத்தினாலும் உள்ளே 23 டிகிரி. எந்த மீட்டர் உண்மை சொல்கிறது, எது பொய் சொல்கிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் உங்கள் கேள்வியின் ஒரு பாதி எனக்குத் தொழில், மறு பாதி ஆசை.

முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மலாயில் ஹைசன்பர்க் கோட்பாட்டுக்கும் 'கெத்திடாக்பாஸ்தியான்' என்றுதான் சொல்கிறோம். அளவுத்திருத்தச் சான்றிதழில் ± குறிக்குப் பின்னால் வரும் எண்ணுக்கும் அதே சொல்தான். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் நிச்சயமின்மை, அறுதியின்மை, ஐயப்பாடு என்று பல பெயர்கள் புழங்குவதை முன்பெல்லாம் குறையாக நினைத்திருந்தேன். இப்போது அதை ஒரு வசதியாகவே பார்க்கிறேன். இந்தப் பதிலில் இயற்கை விதிக்கும் வரம்பை 'அறுதியின்மை' என்றும், அளப்பவனுடைய முடிவில் மிஞ்சும் சந்தேகத்தை 'ஐயம்' என்றும் எழுதுகிறேன். ஹைசன்பர்க்கே 1927இல் எழுதிய ஜெர்மன் கட்டுரையில் இதற்கு ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பெரும்பாலும் 'துல்லியமின்மை' என்ற பொருள் தரும் சொல்லைத்தான் போட்டார்.

என் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தன் முதல் அறிக்கையில் ஐயத்துக்கான கட்டத்தில் 0 என்று எழுதிக் கொண்டுவந்தான். மீட்டர் பத்து முறையும் ஒரே எண்ணைக் காட்டியதாம். பத்து முறை ஒரே எண் வருகிறது என்றால் மீட்டருக்குக் கண் மங்கல் என்றுதான் அர்த்தம். இன்னும் ஓர் இலக்கம் காட்டக்கூடிய மீட்டரை மாட்டியதும் கடைசி எண் ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டத்துக்கு வெப்பம், கம்பித் தொடர்பு, பக்கத்து அறை இயந்திரம் என்று நூறு காரணங்கள் இருந்தன. ஹைசன்பர்க் அந்த நூறில் ஒருவர் இல்லை. 26 ஆண்டுகளில் ஒரு நாளும் அவர் என் அறைக்குள் வந்ததில்லை.

அப்படியானால் அவர் சொன்னது என்ன? ஒரே விதமாகத் தயார் செய்த எலக்ட்ரான்கள் ஏராளமாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு இடத்தை அளக்கிறீர்கள். விடைகள் ஒரு வீச்சுக்குள் சிதறும். மறு பாதிக்கு உந்தத்தை அளக்கிறீர்கள், அவையும் சிதறும். இடச் சிதறலையும் உந்தச் சிதறலையும் பெருக்கினால், பிளாங்க் மாறிலியை 4π ஆல் வகுத்து வரும் எண்ணுக்குக் கீழே அது ஒருபோதும் போகாது. இதைக் கணக்காக நிறுவியவர் கென்னார்ட், அதே 1927இல். சிதறல் என்பது திட்ட விலக்கம். கருவி எவ்வளவு நல்லது என்ற பேச்சு இதில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எலக்ட்ரானைப் பார்க்க ஒளியைப் பாய்ச்சினால் அது உதைபட்டு நகர்ந்துவிடுகிறது என்று பாடநூல்களில் வரும் நுண்ணோக்கிக் கதை ஹைசன்பர்க் தாமே சொன்னதுதான். அதில் ஒரு பிழை இருப்பதை இயற்பியலாளர் நீல்ஸ் போர் சுட்டிக்காட்ட, கட்டுரையின் கடைசியில் ஒரு பின்குறிப்பாக அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அளவீடு எவ்வளவு கலைக்கிறது என்பது தனிக் கணக்கு. அதற்கென்றே ஓசாவா 2003இல் வேறொரு சமனின்மையைக் கொடுத்தார். தேர்வில் நுண்ணோக்கியை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். மனத்தில் மட்டும் சிதறலை வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் எங்கே உறைக்கிறது, எங்கே உறைக்கவில்லை என்பது தெரியும். ஹைட்ரஜன் அணுவுக்குள் எலக்ட்ரானை 0.05 நானோமீட்டர் இடத்தில் அடைத்தால் அதன் வேகத்தில் குறைந்தது வினாடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் சிதறல் இருந்தே தீரும். அது அணுக்கருவில் போய் விழாமல் இருப்பதற்கே இதுதான் காரணம். இப்போது லெபோ பாசாரில் ஒரு நகைக்கடையில் 1 கிராம் தங்கக் காசை எடுங்கள். அதன் இடம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் தெரியும் என்றால், வேகச் சிதறல் அற்பத்திலும் அற்பம்: பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகள் காத்திருந்தாலும் அந்தச் சிதறலால் காசு நகரக்கூடிய தூரம் சுமார் 23 நானோமீட்டர்.

இனி மாறிலிக்கு வருவோம். எலக்ட்ரானின் இடம் ஒவ்வொரு முறையும் வேறு விடை தருவது. எலக்ட்ரானின் மின்னூட்டம் அப்படியல்ல. அது விதிக்குள் உட்கார்ந்திருக்கும் எண். குவாண்டம் கணிதத்தில் இடத்துக்கு ஒரு செயலி (அதாவது ஒரு கணிதச் செயல்) உண்டு, உந்தத்துக்கு ஒன்று உண்டு, இரண்டும் வரிசை மாற்றிப் பெருக்கினால் ஒத்துப்போகாது. அந்த ஒவ்வாமையிலிருந்துதான் அறுதியின்மை பிறக்கிறது. பிளாங்க் மாறிலிக்குச் செயலி கிடையாது. அந்த ஒவ்வாமையின் அளவே பிளாங்க் மாறிலிதான். தராசின் முள் எவ்வளவு ஆடும் என்று கேட்கலாம். ஆட்டத்தின் விதி ஆடுமா என்று கேட்க அங்கே ஒன்றும் இல்லை.

நம் வீட்டுத் தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டை கொஞ்சம் தேய்ந்து ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அடுத்த உருட்டலில் தாயம் விழுமா என்று பாட்டியாலும் சொல்ல முடியாது. ஆனால் லட்சம் முறை உருட்டி எண்ணினால், இந்தக் கட்டையில் தாயம் விழும் விகிதம் எவ்வளவு என்பதைப் பொறுமை இருக்கும்வரை இலக்கம் இலக்கமாகத் தோண்டி எடுக்கலாம். 100 மடங்கு உருட்டல் ஓர் இலக்கத்தைக் கூட்டித் தரும், ஏனென்றால் சராசரியின் ஐயம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில்தான் குறையும். உருட்டலின் விளைவு அறுதியற்றது. கட்டையின் சாய்வு கட்டையில் இருக்கிறது. மாறிலிகளை அளப்பவர்கள் உருட்டலிலிருந்து சாய்வைத் தேடுகிறவர்கள்.

"அப்படியென்றால் அறுதியின்மைக்கும் மாறிலி அளவீட்டுக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்டால், இருக்கிறது. அது நேரத்தின் வழியாக வந்து நிற்கிறது.

கோயிலில் நாதஸ்வரத்துக்குத் துணையாக ஒத்து ஊதுவதைக் கேட்டிருப்பீர்கள். நீண்டு நிற்கும் அந்த ஒலியின் சுருதியை யாரும் சொல்லிவிடலாம். ஒரே ஒரு கைத்தட்டலின் சுருதி என்ன? கேள்வியே அபத்தமாகப் படுகிறது. ஒலி பத்தில் ஒரு வினாடிதான் நீடித்தது என்றால் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவியே இருக்கும். காதின் குறை அல்ல அது. குறுகிய ஒலிக்கு ஒற்றைச் சுருதி கிடையாது. அணு வெளியிடும் ஒளியும் இப்படித்தான். கிளர்ந்த நிலையில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அதற்குத் தக்கபடி நிறமாலைக் கோடு மெல்லியதாகவோ தடித்ததாகவோ இருக்கும். ஹைட்ரஜனின் 2பி என்ற ஆற்றல் நிலை 1.6 நானோ வினாடியில் கலைந்துவிடும். அதனால் கோட்டின் அகலம் சுமார் 10 கோடி ஹெர்ட்ஸ். 2எஸ் நிலையோ எட்டில் ஒரு வினாடி தங்கும். அகலம் சுமார் 1.3 ஹெர்ட்ஸ்தான். ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகள் எங்கே விழும் என்பதை நிர்ணயிக்கும் ரிட்பெர்க் மாறிலியைத் துல்லியமாக எடுக்க விரும்பியவர்கள் ஏன் 1எஸ் நிலையிலிருந்து 2எஸ் நிலைக்குத் தாவும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் விடாமல் நின்றார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. ஜெர்மனியின் கார்ஷிங்கில் ஹென்ஷ் குழுவினர் 2011இல் வெளியிட்ட மதிப்பு 2,466,061,413,187,035 ஹெர்ட்ஸ். ஐயம் 10 ஹெர்ட்ஸ்.

ஆக, அறுதியின்மையைச் சமாளிக்க முதல் வழி நீண்ட காலம் தங்கும் நிலையைத் தேர்ந்தெடுப்பது. கோடு தடித்திருந்தாலும் கை விரித்துவிட வேண்டியதில்லை. தடித்த கோட்டுக்கும் நடு உண்டு. தஞ்சோங் பூங்காவில் ஓர் அகலமான சாலையின் நடுக்கோட்டை வரைய, சாலை ஒடுங்கியிருக்க வேண்டுமா என்ன? அதே குழு 2017இல் அளந்த வேறொரு ஹைட்ரஜன் கோட்டின் நடுவை அதன் அகலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை கண்டுபிடித்தது. சீசியம் அணுக் கடிகாரத்தில் இது இன்னும் மோசமான பேராசை: அணுக்களை நீரூற்றுப் போல மேலே எறிந்து அரை வினாடி பறக்கவிட்டால் கோட்டின் அகலம் சுமார் 1 ஹெர்ட்ஸ், அதன் நடுவை ஒரு ஹெர்ட்ஸின் பத்து லட்சத்தில் சில பங்குகள் வரை நிர்ணயிக்கிறார்கள். அறுதியின்மை கோட்டின் அகலத்தை நிர்ணயிக்கிறது. நடுவை எவ்வளவு நன்றாகக் காணலாம் என்பதை எத்தனை அணு, எத்தனை நாள், எவ்வளவு சுத்தம் என்பவை நிர்ணயிக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது வழி. சமனின்மை இரண்டு அளவுகளை ஒன்றாகக் கட்டிப்போடுகிறது. ஒன்றை மட்டும் நாம் படிக்கப் போகிறோம் என்றால், சிதறலை எல்லாம் படிக்காத பக்கத்துக்குத் தள்ளிவிடலாம். வீட்டுக்கு விருந்தாளி வரும்போது கூடத்துச் சாமான்களை உள்ளறைக்குள் போட்டுக் கதவைச் சாத்துவோமே, அதேதான். வீட்டில் சாமான் குறையவில்லை, கூடம் சுத்தம்.

2023இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல்ஸ் குழுவினர் எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனை அளந்த விதத்தைப் பாருங்கள். ஒரே ஓர் எலக்ட்ரானை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் கட்டி, 0.1 கெல்வினுக்கும் கீழே குளிர்வித்து வைத்தார்கள். அது எந்த ஆற்றல் படியில் நிற்கிறது, பூஜ்யமா ஒன்றா என்பதை மட்டும் கேட்டார்கள். காந்தப்புலத்தில் அது சுற்றும் வட்டத்தில் இந்தக் கணம் எங்கே இருக்கிறது என்று கேட்கவே இல்லை. அந்த விவரம் முற்றிலும் அறுதியற்றுப் போனது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. போதாக்குறைக்கு எலக்ட்ரானைச் சுற்றியிருந்த உலோகக் குழியின் அளவைக் கணக்காக அமைத்து, அது ஒளியை உமிழ்ந்து கீழே இறங்குவதையே தாமதப்படுத்தினார்கள். விடை: போர் காந்தன் என்ற அலகில் 1.00115965218059, ஐயம் கடைசி இரண்டு இலக்கங்களில் 13. ஐயமுள்ள அந்த இரண்டை விட்டால் மிஞ்சுவதுதான் தலைப்பில் உள்ள 13 இலக்கம். ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ கருவியிலும் 2019 முதல் 'நசுக்கிய ஒளி' என்று இதே தந்திரம் நிரந்தரமாக ஓடுகிறது.

என் தொழிலுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஜோசப்சன் சந்தி. இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவில் மெல்லிய தடுப்பு. 1962இல் 22 வயது மாணவராக இருந்த பிரையன் ஜோசப்சன், இதன் மேல் நுண்ணலையைப் பாய்ச்சினால் என்ன ஆகும் என்பதைக் கணித்தார். மின்னழுத்தம் படிப்படியாகத்தான் ஏறும். ஒவ்வொரு படியின் உயரமும் நுண்ணலையின் அதிர்வெண்ணை h/2e ஆல் பெருக்கிய எண் (h பிளாங்க் மாறிலி, e எலக்ட்ரானின் மின்னூட்டம்). வெள்ளீயமா நையோபியமா, சந்தி பெரியதா சிறியதா என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இங்கேயும் அதே ஏற்பாடு: தடுப்புக்கு இந்தப் பக்கம் எத்தனை எலக்ட்ரான் சோடிகள், அந்தப் பக்கம் எத்தனை என்பது அறுதியற்றுக் கிடக்கிறது, அதனால் இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான கட்ட வேறுபாடு கூர்மையாக இருக்கிறது. நமக்கு வேண்டியது கட்டம்தான். எங்கள் கூடத்தில் அந்தக் கருவி இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க 10 வோல்ட்டை நிலையாகத் தரும் மேற்கோள் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அதை மின்கலத்தை அணைக்காமல் காரில் வைத்து, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் செப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் கழகத்துக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து வருவோம். பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப் போவதுபோல, குலுக்காமல், வெயில் படாமல். ஈப்போவில் வெள்ளைக் காப்பி குடிக்க இறங்கினால்கூட ஒருவர் காரிலேயே உட்கார வேண்டும்.

ஜோசப்சனுக்குத் துணையாக இன்னொன்று வேண்டும். 1980 பிப்ரவரியில் கிரெனோபிளில் இரவு வேலையில் இருந்த கிளாவுஸ் வான் கிளிட்சிங், கடுங்குளிரிலும் வலுவான காந்தப்புலத்திலும் வைத்த ஒரு டிரான்சிஸ்டரின் மின்தடை படிப்படியாக நிற்பதைப் பார்த்தார். படிகள் எல்லாம் h/e² என்ற ஒரே எண்ணை, 25,812.807 ஓமை, முழு எண்ணால் வகுத்து வந்தவை. கறை படிந்த, குறை நிறைந்த சில்லில் இத்தனை சுத்தமான எண் எப்படி வரும் என்று உலகமே வாயைப் பிளந்தது.

இந்த இரண்டையும் தராசில் ஏற்றினால்தான் உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு, பூஜ்யப் பிழைக்கு, விடை வரும். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் கூடத்தில் இருந்த பிரையன் கிப்பிள் 1975இல் ஒரு தராசை யோசித்தார். ஒரு பக்கம் எடைக்கல். அதைத் தாங்குவது காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச்சுருள். சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்தி எடையைச் சமன் செய்கிறோம். விசை என்பது காந்தப்புலம், கம்பி நீளம், மின்னோட்டம் மூன்றின் பெருக்கம். சிக்கல் என்னவென்றால் காந்தப்புலத்தையும் கம்பி நீளத்தையும் நல்ல துல்லியத்தில் அளக்கவே முடியாது. கிப்பிளின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். எடையை இறக்கிவிட்டு அதே சுருளை அதே காந்தப்புலத்தில் சீரான வேகத்தில் நகர்த்தினார். இப்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். அது அதே காந்தப்புலம், அதே கம்பி நீளம், வேகம் மூன்றின் பெருக்கம். இரண்டு சமன்பாடுகளையும் ஒன்றை ஒன்றால் வகுத்தால் அளக்க முடியாத இரண்டும் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது: மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம் சமம் நிறை பெருக்கல் ஈர்ப்பு முடுக்கம் பெருக்கல் வேகம்.

மின்னழுத்தத்தை ஜோசப்சன் சந்தியால் அளக்கலாம். மின்னோட்டத்தை, வான் கிளிட்சிங்கின் மின்தடையின் குறுக்கே விழும் மின்னழுத்தமாக மாற்றி, அதையும் ஜோசப்சன் சந்தியாலேயே அளக்கலாம். இரண்டு மின்னழுத்தங்களில் (h/2e) இருமுறை. வகுக்கும் மின்தடையில் h/e². தாளில் போட்டுப் பாருங்கள்: e முழுவதும் அடிபட்டு, ஒரே ஒரு h மட்டும் நிற்கும். ஒரு கிலோ உலோகக் கல்லையும் பிளாங்க் மாறிலியையும் அதிர்வெண்களும் முழு எண்களும் ஒரே சமன்பாட்டில் கோத்துவிடுகின்றன. இதை முதன்முதலில் என் கையால் தாளில் போட்டு e மறைந்த அன்று, இரவு உணவு ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சமன்பாட்டில் ஈர்ப்பு முடுக்கமும் இருப்பதால் ஒரு நகைக்கடை விஷயம். பாரிசில் அது வினாடி வர்க்கத்துக்கு சுமார் 9.809 மீட்டர், பூமத்திய ரேகையை ஒட்டிய பினாங்கில் சுமார் 9.781. பாரிசில் சரிபார்த்த மின்னணுத் தராசை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் 1 கிலோ தங்கத்துக்கு 3 கிராம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். அதனால்தான் மின்னணுத் தராசை எந்த ஊரில் பயன்படுத்துகிறோமோ அந்த ஊரிலேயே எடைக்கல் வைத்துத் திருத்த வேண்டும். கிப்பிள் தராசுக்காரர்களோ சந்திரனும் சூரியனும் இழுப்பதால் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு ஈர்ப்பு ஏறி இறங்குவதைக்கூடக் கணக்கில் கழிக்கிறார்கள்.

2017 வாக்கில் கனடாவின் கிப்பிள் தராசு பிளாங்க் மாறிலியை 100 கோடியில் 9 பங்கு ஐயத்தோடும், அமெரிக்காவினுடையது 13 பங்கு ஐயத்தோடும் கொடுத்தன. முற்றிலும் வேறு வழியில், தூய சிலிக்கான்-28 பந்தில் உள்ள அணுக்களை எண்ணியவர்களின் விடையும் இவற்றோடு ஒத்துப்போனது. 2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடிய நாடுகள் வாக்களித்தன. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி 6.62607015×10⁻³⁴ ஜூல் வினாடி; அதற்குப் பின்னால் ± கிடையாது. e, போல்ட்ஸ்மன் மாறிலி, அவகாட்ரோ எண் ஆகியவற்றுக்கும் அன்றே அதே மரியாதை.

இது அளந்து கிடைத்த பூஜ்யம் அல்ல, சட்டம் போட்டு வைத்த பூஜ்யம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதை உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள். அரசாங்கம் சொன்னதற்காகச் சூரியன் அவசரப்படவில்லை. பினாங்கில் உச்சிப்பொழுது இன்றைக்கும் கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை, ஏறத்தாழ ஒன்றேகாலுக்குத்தான் வருகிறது. எதை நிலையாகப் பிடித்துக்கொண்டு எதை அளப்பது என்ற முடிவைத்தான் மனிதர்கள் எடுக்கிறார்கள். முன்பு பாரிசுக்கு அருகே செவ்ரில் 1889 முதல் பூட்டி வைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளை துல்லியமாக 1 கிலோ. அப்போது h-க்கு ஐயம் இருந்தது. இப்போது h-க்கு ஐயம் இல்லை. அதே உருளைக்கு 2019 மே 20 அன்று 1 கிலோவில் 10 மைக்ரோகிராம் ஐயம் வந்து ஒட்டிக்கொண்டது. வெற்றிடத்தின் காந்த மாறிலியும் அப்படித்தான். உங்கள் அண்ணன்மார் படித்த நூலில் அது துல்லியமாக 4π×10⁻⁷. இன்று அது அளந்து சொல்ல வேண்டிய எண். ஐயம் ஒழியவில்லை, வீடு மாறியது. உருளையை விட்டதற்குக் காரணம், அதோடு பிறந்த பிரதிகளின் நிறை 100 ஆண்டுகளில் சுமார் 50 மைக்ரோகிராம் விலகிப் போயிருந்ததுதான். உருளை இளைத்ததா, பிரதிகள் பருத்தனவா என்று கேட்கவே வழியில்லை. வரையறைப்படி உருளை தப்பே செய்யாது.

வரையறையால் தொட முடியாத மாறிலிகளும் உண்டு. மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும், அலகே இல்லாத நுண்கட்டமைப்பு மாறிலி, அதாவது தோராயமாக 1/137, எந்த நாடுகள் வாக்களித்தாலும் மாறாது. அதை அளக்கத்தான் வேண்டும். பெர்க்லியில் சீசியம் அணுக்களை வைத்து 2018இல் அளந்தபோது அதன் தலைகீழ் 137.035999046, பாரிசில் ருபிடியம் அணுக்களை வைத்து 2020இல் அளந்தபோது 137.035999206. இரண்டு குழுக்களும் சொல்லிக்கொண்ட ஐயத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் இந்த இடைவெளி. எங்கோ ஒரு லேசர் கற்றையின் வடிவமோ வேறு ஏதோ ஒன்றோ ஏமாற்றுகிறது. இந்தத் தகராறில் ஹைசன்பர்க்கை யாரும் சாட்சிக்குக்கூட அழைக்கவில்லை.

உங்கள் நூலின் கடைசிப் பக்கத்தை மறுபடி திருப்பி, ஈர்ப்பு மாறிலி G-யின் வரியைப் பாருங்கள் தம்பி. 6.67430×10⁻¹¹; கடைசி இரண்டு இலக்கங்களில் 15 ஐயம். பட்டியலிலேயே கேவலமான மதிப்பெண். கேவெண்டிஷ் 1798இல் முறுக்குத் தராசை வைத்துத் தொடங்கி 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இதுதான் நிலை. இத்தனைக்கும் இந்த அளவீட்டில் குவாண்டம் எதுவும் குறுக்கே நிற்பதில்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரியும் உலோக உருண்டைகள். ஆனால் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு 1 கிலோ உருண்டைகள் ஒன்றையொன்று இழுக்கும் விசை, ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைந்த தூசியின் எடைக்குச் சமம். அந்த இழுப்பை மறைக்க எந்தத் திரையும் கிடையாது. பக்கத்துச் சுவரும், மழைக்குப் பின் மண்ணில் ஊறிய நீரும், அறைக்குள் வரும் ஆய்வாளரின் உடம்பும் கூடவே இழுக்கும். தொங்கவிடும் கம்பியும் முறுக்கை முழுதாகத் திருப்பித் தராது. கைதேர்ந்த குழுக்களின் விடைகளே பத்தாயிரத்தில் நான்கைந்து பங்கு வரை ஒன்றோடொன்று முரண்படுகின்றன.